ரிப்போர்ட்டில் சிவப்பாக இருப்பதெல்லாம் ஆபத்தா? நாள்பட்ட ரத்தப் புற்றுநோயோடு வாழ்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்த அன்று மாலையே ரிப்போர்ட் போனுக்கு வந்துவிடுகிறது. டாக்டரைப் பார்க்க இன்னும் நாலு நாள் இருக்கும். திறந்து பார்த்தால் பாதி எண்கள் சிவப்பில், பக்கத்தில் மேலே ஒரு அம்பு, கீழே ஒரு அம்பு. எனக்கு நாள்பட்ட லிம்போசைட்டிக் லுகேமியா என்று தெரிந்த முதல் வருடம், அந்த நாலு நாளும் சரியாகத் தூங்கியதில்லை. ஒன்பது வருடம் ஓடிவிட்டது. ரிப்போர்ட்டில் சிவப்பு இன்னும் இருக்கிறது, தூக்கமும் வருகிறது. இடையில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. மருந்தை நிறுத்துவதோ மாற்றுவதோ இதைப் படித்துச் செய்யும் காரியமும் இல்லை. டாக்டர் முன்னால் உட்காரும்போது சரியான கேள்வியோடு உட்கார வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

முதல் படி: உங்களுக்கு இருப்பது எது?

"நாள்பட்ட" என்ற ஒரே சொல்லுக்குக் கீழே முக்கியமாக இரண்டு நோய்கள் இருக்கின்றன. ஒன்று சி.எல்.எல்., அதாவது லிம்போசைட் என்ற வெள்ளணுக்கள் பெருகுவது. இன்னொன்று சி.எம்.எல்., எலும்பு மஜ்ஜையின் மைலாய்டு அணுக்கள் பெருகுவது. பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ரிப்போர்ட்டைப் படிக்கும் விதத்தில் ஏகப்பட்ட வித்தியாசம்.

சி.எல்.எல். உள்ள ஒருவர் வெள்ளணு எண்ணிக்கை 80,000 இருக்க, எந்த மருந்தும் இல்லாமல் வருடக்கணக்கில் வேலைக்குப் போய் வரலாம். சி.எம்.எல். அப்படி இல்லை. நோய் உறுதியானவுடன் மாத்திரை தொடங்கிவிடும். சில வாரங்களில் வெள்ளணுக்கள் இயல்புக்கு இறங்கிவிட வேண்டும். ஆகவே காத்திருக்கும் அறையில் பக்கத்து நாற்காலிக்காரரின் எண்ணைக் கேட்டு உங்கள் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். அவருக்கும் உங்களுக்கும் ஒரே நோயாக இருந்தால்கூட வேண்டாம்.

இரண்டாவது படி: சதவீதத்தை விடுங்கள், எண்ணிக்கையைப் பாருங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கையை சி.பி.சி. என்பார்கள். அதில் வெள்ளணுக்களின் மொத்த எண்ணிக்கை முதலில் வரும். அப்புறம் அதற்குள் எந்த வகை எவ்வளவு என்று பிரித்திருப்பார்கள்: நியூட்ரோபில், லிம்போசைட், மோனோசைட், இயோசினோபில், பேசோபில். பல லேப்கள் இந்தப் பிரிவைச் சதவீதமாகவும் தருகின்றன, எண்ணிக்கையாகவும் தருகின்றன. எண்ணிக்கை இருக்கும் வரிசைக்குப் பக்கத்தில் "அப்சல்யூட்" என்று போட்டிருக்கும்.

என்னுடைய பழைய ரிப்போர்ட் ஒன்று: மொத்த வெள்ளணுக்கள் 60,000. நியூட்ரோபில் 5 சதவீதம். இருக்க வேண்டியது 40க்கு மேல் என்று பக்கத்தில் அச்சடித்திருந்தது. கிருமியோடு சண்டை போடும் அணு வெறும் 5 சதவீதம்தானா என்று நடுங்கிப்போனேன். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 60,000த்தில் 5 சதவீதம் என்றால் 3,000. ஆரோக்கியமான ஒருவருக்கு இருப்பதும் ஏறக்குறைய 2,000 முதல் 7,000 வரைதான். என் நியூட்ரோபில் குறையவே இல்லை. லிம்போசைட் கூட்டம் பெருத்ததால் அதன் பங்கு சிறுத்துத் தெரிந்தது.

இதன் மறுபக்கம்தான் உண்மையில் கவனிக்க வேண்டியது. சிகிச்சையில் இருக்கும் ஒருவருக்கு மொத்த வெள்ளணுக்கள் 2,000, நியூட்ரோபில் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சதவீத வரிசையில் சிவப்பு இருக்காது. எண்ணிக்கையோ 800தான். 1,000க்குக் கீழே போனாலே தொற்று விஷயத்தில் எச்சரிக்கை தேவை. 500க்குக் கீழே போனால் மிகுந்த எச்சரிக்கை தேவை. சதவீதத்தை மட்டும் பார்ப்பவர் இதைத் தவறவிட்டுவிடுவார்.

உங்கள் லேப் எண்ணிக்கையைத் தரவில்லை என்றால் நீங்களே போட்டுக்கொள்ளலாம். மொத்த வெள்ளணுவைச் சதவீதத்தால் பெருக்கி 100ஆல் வகுத்தால் போதும்.

அளவீட்டு அலகையும் ஒரு கண் பாருங்கள். ஒரு லேப் வெள்ளணுவை 12,500 என்று எழுதும். இன்னொன்று அதையே 12.5 என்று எழுதும். முதலாவது ஒரு மைக்ரோலிட்டரில் இருப்பது, இரண்டாவது லிட்டருக்கு நூறு கோடிகளில் சொல்வது. இரண்டும் ஒன்றுதான். ஹீமோகுளோபினும் அப்படியே, 12.1 என்றும் வரும், 121 என்றும் வரும். லேப் மாற்றிய அன்று திடீரென்று எண் தலைகீழாக மாறியிருந்தால், பயப்படும் முன் அலகைப் பாருங்கள்.

மூன்றாவது படி: அந்தச் சிவப்பு எதற்கு வருகிறது?

பக்கத்தில் அச்சடித்திருக்கும் இயல்பு வரம்பு பொதுவாக ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் எங்கே விழுகிறார்களோ அதை வைத்துப் போட்டது. அப்படியென்றால் நோயே இல்லாதவருக்கும் ஒவ்வொரு பரிசோதனையிலும் 20க்கு 1 என்ற வாய்ப்பில் சிவப்பு விழும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது பரிசோதனைகளை ஒரே நாளில் செய்தால், ஒன்றாவது வரம்பைத் தாண்டும் வாய்ப்பு சுமார் 64 சதவீதம். நல்ல உடம்புக்கே இந்தக் கதி.

நமக்கோ அந்த வரம்பு பல வரிசைகளில் பொருந்தவே பொருந்தாது. எனக்கு லிம்போசைட் சிவப்பில்தான் வரும், சாகும்வரை வந்தாலும் வரட்டும். நான் பார்ப்பது போன முறை எவ்வளவு, அதற்கு முந்தின முறை எவ்வளவு என்பதை.

அதற்கு ஒரு நோட்டு போடுங்கள். கம்ப்யூட்டரில் போட்டாலும் சரி. தேதி, மொத்த வெள்ளணு, லிம்போசைட் எண்ணிக்கை, நியூட்ரோபில் எண்ணிக்கை, ஹீமோகுளோபின், பிளேட்லெட் என்று ஆறு கட்டங்கள். சி.எம்.எல். என்றால் ஏழாவதாக பி.சி.ஆர்., அதாவது நோயின் மரபணு ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் பரிசோதனை. கடைசியில் ஒரு குறிப்புக் கட்டம் கட்டாயம் வேண்டும். "ஒரு வாரமாகச் சளி", "தடுப்பூசி போட்டு 5 நாள்", "ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தேன்", "லேப் மாற்றினேன்" என்று அன்றைய நிலையை எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து ஓர் எண் ஏன் துள்ளியது என்று தேடும்போது பதில் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் இருக்கும். தொற்று வந்தாலும் ஸ்டீராய்டு எடுத்தாலும் வெள்ளணு எண்ணிக்கை ஏறும்.

நான்காவது படி: சி.எல்.எல். காரர்களுக்கு

லிம்போசைட் எண்ணிக்கைதான் கண்ணை உறுத்தும். ஆனால் அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் வைத்துச் சிகிச்சை தொடங்குவதில்லை. எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்ப்பார்கள். இரண்டு மாதத்தில் 50 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ, ஆறு மாதத்துக்குள் இரட்டிப்பானாலோ டாக்டர் கவனிப்பார். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. எண்ணிக்கை 30,000க்குக் கீழே இருக்கும்போது இரட்டிப்புக் கணக்கைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், இன்னும் கொஞ்ச காலம் பார்ப்பார்கள். 7,000 என்பது 14,000 ஆனால் இரட்டிப்புதான். ஒரு ஜலதோஷம்கூட அதில் பாதியைச் செய்திருக்கலாம்.

லிம்போசைட்டைவிட நான் முதலில் பார்ப்பது ஹீமோகுளோபினையும் பிளேட்லெட்டையும். மஜ்ஜைக்குள் நோய் இடத்தை அடைத்துக்கொண்டால் இந்த இரண்டும் இறங்கும். ஹீமோகுளோபின் 10க்குக் கீழே அல்லது பிளேட்லெட் 1,00,000க்குக் கீழே தொடர்ந்து போவது சிகிச்சையைப் பற்றிப் பேச வைக்கும் எல்லைகள். லிம்போசைட் ஒரு லட்சத்தில் நின்றுகொண்டு, ஹீமோகுளோபின் 13இல் அசையாமல் இருந்தால், டாக்டர் சிரித்துக்கொண்டே "மூன்று மாதம் கழித்து வாங்க" என்று அனுப்புவது அதனால்தான். அவருக்கு அக்கறை இல்லை என்று ஆரம்பத்தில் நான் நினைத்ததுண்டு.

இன்னொரு பயமுறுத்தல் மாத்திரை தொடங்கிய பிறகு வரும். இப்ருடினிப், அகாலாப்ருடினிப், ஜானுப்ருடினிப் வகை மருந்துகளைத் தொடங்கிய முதல் வாரங்களில் லிம்போசைட் குறைவதற்குப் பதில் ஏறும்! நெறிக்கட்டிகளிலும் மண்ணீரலிலும் ஒட்டிக்கொண்டிருந்த அணுக்கள் அங்கிருந்து கிளம்பி ரத்தத்துக்குள் வருகின்றன. கழுத்துக் கட்டி கரைந்துகொண்டே இருக்கும், ரிப்போர்ட்டில் எண் ஏறிக்கொண்டே இருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. சிலருக்கு இது இறங்க மாதக்கணக்கில் ஆகும். கட்டி, ஹீமோகுளோபின், பிளேட்லெட், உடல்நிலை எல்லாம் தேறிக்கொண்டிருந்தால் அந்த ஏற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

வெனிடோக்ளாக்ஸ் மாத்திரை என்றால் நிலைமை நேர்மாறு. அணுக்கள் சட்டென்று உடைவதால், டோஸ் ஏற்றும் ஆரம்ப வாரங்களில் பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலம், கால்சியம், கிரியாட்டினின் எல்லாவற்றையும் சில மணி நேர இடைவெளியில்கூடப் பார்ப்பார்கள். ஒரே நாளில் இரண்டு முறை ஊசி குத்துகிறார்களே என்று சலித்துக்கொள்ள வேண்டாம்.

கிருமியை எதிர்க்கும் புரதமான இம்யூனோகுளோபுலின் ஜி, சுருக்கமாக ஐ.ஜி.ஜி., நம்மில் பலருக்குக் குறைவாகவே இருக்கும். எண் குறைவாக இருப்பதால் மட்டும் எதுவும் செய்வதில்லை. நெஞ்சுச் சளி, சைனஸ் என்று திரும்பத் திரும்ப வந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. எத்தனை முறை ஆன்டிபயாட்டிக் எடுத்தீர்கள் என்று நோட்டில் எழுதிவைத்தால் டாக்டருக்கு அது பெரிய உதவி.

ஒருமுறை செய்து பத்திரப்படுத்த வேண்டிய ரிப்போர்ட்டும் உண்டு. லிம்போசைட்டின் ஒரு மரபணுவைப் பார்க்கும் ஐ.ஜி.ஹெச்.வி. பரிசோதனையில் "மியூட்டேட்டட்", அதாவது பிறழ்வு உண்டு, என்று வந்தால் நல்ல செய்தி. நோய் மெதுவாகப் போகும் பக்கம் அது. "அன்மியூட்டேட்டட்" என்பதுதான் வேகமான பக்கம். பிறழ்வு என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லோரும் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள், நானும்தான். டி.பி.53 என்ற மரபணுவிலோ அர்த்தம் நீங்கள் பயந்தபடியேதான்: அங்கே பிறழ்வு இருந்தால் பழைய வகைக் கீமோதெரபி சரியாகப் பலிக்காது, மருந்துத் தேர்வு மாறும். ஐ.ஜி.ஹெச்.வி. நிலை காலத்தோடு மாறாது; ஒருமுறை போதும். டி.பி.53உம், 17ஆவது குரோமோசோமில் துண்டு காணாமல் போயிருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் பரிசோதனையும் மாறக்கூடியவை. ஒவ்வொரு புதிய சிகிச்சைக்கு முன்பும் அவற்றைத் திரும்பச் செய்வது நல்லது. செய்யப்போகிறீர்களா என்று கேளுங்கள்.

ஐந்தாவது படி: சி.எம்.எல். காரர்களுக்கு

உங்களுக்கு சி.பி.சி. சீக்கிரமே சலிப்பான காகிதமாகிவிடும். வெள்ளணு 10,000க்குக் கீழே, பிளேட்லெட் 4,50,000க்குக் கீழே, மண்ணீரல் கைக்குத் தட்டுப்படவில்லை என்று ஆகிவிட்டால், அதற்குப் பிறகு கதையெல்லாம் பி.சி.ஆர். பரிசோதனையில்தான்.

இங்கே தமிழில் எழுதுபவனுக்கு ஒரு தனிச் சிக்கல். தேடப்படும் மரபணுவின் பெயர் பி.சி.ஆர்.-ஏ.பி.எல்.; தேடும் முறையின் பெயரும் பி.சி.ஆர். மரபணுவில் வருவது 'பஸ்'ஸின் பி, முறையில் வருவது 'பேனா'வின் பி. கீழே மரபணுவைச் சொல்லும்போது ஒட்டுமரபணு என்றே சொல்கிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே ஒட்டுதான்: 9ஆவது குரோமோசோமும் 22ஆவது குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் பிறந்தது. குட்டையாகிப்போன அந்த 22ஆவது குரோமோசோமை 1960இல் பிலடெல்பியாவில் கண்டார்கள். துண்டு மாறியது எப்படி என்று ஜேனட் ரௌலி 1973இல் காட்டினார். அதைக் குறிவைத்த இமாடினிப் மாத்திரைக்கு 2001இல் அனுமதி கிடைத்தது.

ரிப்போர்ட்டில் ஐ.எஸ். என்ற எழுத்துகள் இருக்கிறதா பாருங்கள். சர்வதேச அளவுகோல் என்பது அதன் பொருள். சிகிச்சை தொடங்காத நிலையின் பொதுவான அளவை 100 என்று வைத்து, அதிலிருந்து எவ்வளவு இறங்கினோம் என்று சதவீதத்தில் சொல்வார்கள். ஐ.எஸ். போட்ட எண்ணைத்தான் வேறு லேபின் எண்ணோடு ஒப்பிட முடியும்.

இறங்க வேண்டிய படிக்கட்டு இது: 3 மாதத்தில் 10 சதவீதம் அல்லது குறைவு, 6 மாதத்தில் 1, 12 மாதத்தில் 0.1. ஒவ்வொரு படியும் பத்தில் ஒரு பங்கு. 0.1ஐத் தொட்டால் அதற்கு எம்.எம்.ஆர். அல்லது எம்.ஆர்.3 என்று பெயர். 0.01 என்றால் எம்.ஆர்.4. அதற்கும் கீழே 0.0032 என்றால் எம்.ஆர்.4.5. நீண்ட காலம் இந்த ஆழத்தில் நிற்பவர்களிடம்தான் மாத்திரையை நிறுத்திப் பார்ப்பது பற்றி டாக்டர்கள் பேசுவார்கள். அதுவும் அடிக்கடி பி.சி.ஆர். எடுத்துக்கொண்டு. ஒரு படியைக் கொஞ்சம் தவறவிட்டால் உடனே மருந்து தோற்றது என்று ஆகாது. 3ஆவது மாதம் 12 என்று வந்தால், விரைவில் இன்னொரு முறை எடுத்துப் பார்ப்பார்கள்.

எண் 0.02இலிருந்து 0.04 ஆனால்? இரட்டிப்பாகிவிட்டது என்று கையைப் பிசைய வேண்டாம். இவ்வளவு கீழே இரண்டு மடங்கு ஏற்ற இறக்கம் பரிசோதனையின் இயல்பு. 0.1க்குக் கீழே இருந்தது மேலே தாண்டினால் விஷயம் வேறு. அப்போது முதலில் திரும்ப எடுப்பார்கள். கூடவே டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "மாத்திரை ஏதாவது விட்டுப்போச்சா?" உண்மையைச் சொல்லிவிடுங்கள். மறைத்தால், நோய் மருந்தை எதிர்க்கிறதோ என்று, இல்லாத ஒன்றைத் தேடி பரிசோதனைமேல் பரிசோதனை நடக்கும். வேறு மருந்து புதிதாகச் சேர்ந்திருந்தாலும் சொல்லுங்கள். அசிடிட்டிக்கு எடுக்கும் சில மாத்திரைகள், சி.எம்.எல். மருந்துகளான டாசாடினிப், நிலோடினிப் உடலில் சேர்வதையே குறைத்துவிடும்.

"கண்டறியப்படவில்லை" என்று வந்தால் கொண்டாடுங்கள், ஆனால் அது பூஜ்யம் இல்லை. எவ்வளவு ஆழம் வரை தேடினார்கள் என்பது முக்கியம். ரிப்போர்ட்டின் கீழே ஒப்பீட்டு மரபணுவின் பிரதிகள் என்று ஓர் எண் இருக்கும்; சாம்பிளில் தேட எவ்வளவு இருந்தது என்பதை அது காட்டும். ஏ.பி.எல். மரபணுவை ஒப்பீட்டுக்கு வைத்திருந்தால் அது 10,000க்கு மேல் இருந்தால்தான் எம்.ஆர்.4 என்று சொல்லலாம், எம்.ஆர்.4.5க்கு 32,000 வேண்டும். சும்மா 3,000 பிரதிகளை வைத்துக்கொண்டு "இல்லை" என்றால் அது அரைகுறைத் தேடல்.

நோய் கண்டறிந்தபோது எடுத்த முதல் ரிப்போர்ட்டைத் தொலைத்துவிடாதீர்கள். ஒட்டுமரபணுவின் வகை அதில் எழுதியிருக்கும். பெரும்பாலோருக்கு வழக்கமான வகைதான். அபூர்வ வகை இருப்பவருக்கு வழக்கமான பரிசோதனை எடுத்தால், நோய் இருக்கும்போதே "கண்டறியப்படவில்லை" என்று வரலாம்.

ஆறாவது படி: மற்ற வரிசைகள்

ஈரல், சிறுநீரகம், உப்புகள் எல்லாம் பெரும்பாலும் மருந்தின் பக்கவிளைவைப் பார்க்கத்தான். நிலோடினிப் எடுத்தால் சர்க்கரையும் கொழுப்பும் ஏறலாம், பிலிரூபின் (மஞ்சள் காமாலையில் ஏறுவது) கொஞ்சம் ஏறலாம். இமாடினிப் எடுத்தால் பாஸ்பேட் குறையலாம்.

சி.எல்.எல்.லில் சேர்த்துப் படிக்க வேண்டிய ஒரு கூட்டணி உண்டு. ஹீமோகுளோபின் திடீரென்று இறங்கி, பிலிரூபினும் எல்.டி.ஹெச்.சும் (அணுக்கள் உடையும்போது வெளிவரும் நொதி) ரெடிகுலோசைட்டும் (இளம் சிவப்பணு) ஏறி, ஹாப்டோகுளோபின் என்ற ரத்தப் புரதம் குறைந்தால், உடம்பு தன் சிவப்பணுவைத் தானே உடைக்கிறதா என்று சந்தேகப்படுவார்கள். அதை உறுதிசெய்ய, சிவப்பணுமேல் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கூம்ப்ஸ் டெஸ்ட் எழுதிக்கொடுப்பார்கள். இது மஜ்ஜை அடைபடுவதிலிருந்து வேறான பிரச்சினை, சிகிச்சையும் வேறு.

அப்புறம் பொட்டாசியம். இது என் சொந்தக் கதை. வெள்ளணு எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்த காலம். ஒரு நாள் இரவு பத்து மணிக்கு லேபிலிருந்து போன்: பொட்டாசியம் 6.4, உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். போனேன். இசிஜி இயல்பாக இருந்தது. அங்கிருந்த இளம் டாக்டர் புதிதாக ரத்தம் எடுத்து, குழாயைக் குலுக்காமல் கையிலேயே கொண்டுபோய் உடனே பார்க்கச் சொன்னார். 4.3. வெள்ளணுக்கள் மிக அதிகமாக இருக்கும்போது, நொய்ந்த அணுக்கள் குழாய்க்குள்ளேயே உடைந்து பொட்டாசியத்தைக் கொட்டிவிடும். உடம்புக்குள் அது ஏறியிருக்காது. ஆனால் அன்று நான் போனது சரிதான். பொட்டாசியம் நிஜமாகவே ஏறினால் இதயத் துடிப்பையே கெடுத்துவிடும்; வீட்டில் உட்கார்ந்து "இது போலிதான்" என்று முடிவு செய்ய முடியாது. போய், "எனக்கு லுகேமியா, வெள்ளணு இவ்வளவு, இது குழாயில் நடந்ததாக இருக்குமா பாருங்கள்" என்று சொல்லுங்கள்.

பிளேட்லெட்டிலும் இப்படி ஓர் ஏமாற்று நடக்கும். குழாயில் இருக்கும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தால் சிலருக்குப் பிளேட்லெட்கள் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொள்ளும், இயந்திரம் குறைத்து எண்ணும். ரிப்போர்ட்டில் "கொத்துகள் காணப்பட்டன" என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், வேறு வகைக் குழாயில் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஏழாவது படி: எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் கூடாது

38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காய்ச்சல், அதோடு நியூட்ரோபிலும் குறைவு என்றால் இரவென்றும் பகலென்றும் பார்க்க வேண்டாம், கிளம்புங்கள். பிளேட்லெட் குறைந்திருக்கும்போது தோலில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள், நிற்காத மூக்கு ரத்தம், கறுத்த மலம் இருந்தாலும் அப்படியே. கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, மாடி ஏறவே மூச்சு வாங்கினாலும் அப்படியே. இவற்றுக்கு ரிப்போர்ட் வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

லிம்போசைட் போன முறையைவிட 8,000 கூடியது, பி.சி.ஆர். 0.03இலிருந்து 0.05 ஆனது, எல்.டி.ஹெச். வரம்பை ஒட்டி நிற்கிறது போன்றவற்றை அடுத்த சந்திப்புக்கு எழுதிவைத்துக்கொள்ளலாம்.

சந்திப்புக்கு நான் எடுத்துப்போவது ஒரே தாள். நோட்டிலிருந்து கடைசி ஐந்து வரிசைகள், கீழே மூன்று கேள்விகள். மூன்றுக்கு மேல் எழுதினால் முக்கியமானது கடைசியில் போய்விடுகிறது. போன முறை எழுதியவை: "ஹீமோகுளோபின் மூன்று முறையாக அரை அரையாக இறங்குகிறது, நோயா, இரும்புச்சத்தா? ஐ.ஜி.ஜி. இந்த வருடம் பார்க்கவில்லை, வேண்டுமா? அடுத்த ரத்தப் பரிசோதனையை மூன்று மாதத்துக்குப் பதில் நாலு மாதம் தள்ளலாமா?" முதல் கேள்விக்கு இரும்புச்சத்துப் பரிசோதனை எழுதினார். இரண்டாவதுக்குச் சரி என்றார். மூன்றாவதுக்கு, முதலாவதன் முடிவு வரட்டும் என்றார்.